துணைத்தூண்டல் மூலக்கூறுகள்: டி செல் கேட்கும் இரண்டாவது அனுமதி (கேள்வி பதில்கள்)

நோய் எதிர்ப்பு மண்டலம் எதிரியை எப்படிக் கண்டுபிடிக்கிறது என்று கேட்பவர்கள் ஏராளம். கண்டுபிடித்த பிறகும் அது சில நேரம் கைகட்டி நிற்பது ஏன் என்று கேட்பவர்கள் குறைவு. என்னைக் கேட்டால் இரண்டாவது கேள்விதான் சுவையானது. புற்றுநோய், மூட்டுவாதம், உறுப்பு மாற்று ஆகிய மூன்று துறைகளிலும் கடந்த இருபது ஆண்டுகளில் வந்த முக்கியமான மருந்துகள் சில அந்தக் கேள்வியிலிருந்து பிறந்தவை.

துணைத்தூண்டல் என்றால் என்ன?

டி செல் என்பது நோய் எதிர்ப்பு மண்டலத்தின் ஒரு வகை வெள்ளையணு; ஆன்டிஜென் என்பது அது அடையாளம் காணும் புரதத் துண்டு. டி செல் தனக்குரிய ஆன்டிஜெனைச் சந்திக்கும்போது கிடைப்பது முதல் சைகை. ஆன்டிஜெனை ஏந்திக் காட்டும் செல்லின் மேற்பரப்பில் வேறு சில புரதங்களும் இருக்கும். அவை டி செல்லின் வேறு ஏற்பிகளைத் தொட்டுத் தருவது இரண்டாவது சைகை. இந்த இரண்டாவது சைகையைத் தரும் புரதங்களும் பெறும் புரதங்களும்தான் துணைத்தூண்டல் மூலக்கூறுகள். ஒரு கை தட்டி ஓசை எழாது.

'துணை' என்ற சொல்லை வைத்து இதைச் சிறிய வேலை என்று நினைத்துவிட வேண்டாம். பிறந்ததிலிருந்து ஆன்டிஜெனையே சந்தித்திராத புதிய டி செல்லைப் பொறுத்தவரை, பெருகுவதா சும்மா இருப்பதா என்பது பெரும்பாலும் இந்தத் துணையின் கையில்தான் இருக்கிறது.

எதிரியை அடையாளம் கண்டுகொண்டால் போதாதா? இரண்டாவது அனுமதி எதற்கு?

போதாது. டி செல்லின் ஏற்பி எதிரியைப் பார்த்து வடிவமைக்கப்பட்டதன்று. மரபணுத் துண்டுகளைச் சீட்டுக் குலுக்குவதுபோல் குலுக்கிச் செய்தது. அப்படி உருவாகும் கோடிக்கணக்கான ஏற்பிகளில் நம் சொந்தப் புரதங்களைப் பிடிக்கக்கூடியவையும் இருக்கும். தைமஸ் சுரப்பி அவற்றில் பெரும்பாலானவற்றைச் சலித்து அழித்துவிடுகிறது. சல்லடையில் ஓட்டை இல்லாமல் இல்லை. தப்பி வெளியே வரும் சில டி செல்கள் வாழ்நாள் முழுவதும் நம் உடலின் சொந்தப் புரதங்களைப் பார்த்துக்கொண்டே திரிகின்றன.

முதல் சைகை மட்டுமே போதுமானதாக இருந்திருந்தால் அவை ஒவ்வொன்றும் ஒரு கலகத்தைத் தொடங்கியிருக்கும். வேலியே பயிரை மேய்ந்த கதைதான். முதல் சைகை சொல்வது 'இதை எனக்குத் தெரியும்' என்பதை மட்டும். 'இதனால் ஆபத்து இருக்கிறது' என்று வேறொருவர் சாட்சி சொல்ல வேண்டும். அந்தச் சாட்சிதான் இரண்டாவது சைகை.

இந்த எண்ணம் யாருக்குத் தோன்றியது?

1970-இல் பீட்டர் பிரெட்ஷரும் மெல்வின் கோனும் ஒரு கோட்பாட்டை வெளியிட்டார்கள்: எதிர்ப்பொருள் (ஆன்டிபாடி) சுரக்கும் செல்லுக்கு ஒரு சைகை மட்டும் கிடைத்தால் அது அடங்கிப்போகும், இரண்டு கிடைத்தால்தான் கிளர்ந்தெழும். 1975-இல் லாஃபர்ட்டியும் கன்னிங்ஹாமும் இதே சிந்தனையை டி செல்லுக்கு நீட்டினார்கள். அப்போது இரண்டாவது சைகை எந்த மூலக்கூறு என்று ஒருவருக்கும் தெரியாது. காகிதத்தில் இருந்த ஒரு தேவை, அவ்வளவுதான்.

எனக்கு மிகவும் பிடித்த சோதனை 1987-இல் ஜென்கின்ஸும் ஷ்வார்ட்ஸும் செய்தது. ஆன்டிஜெனைக் காட்டும் செல்களை ஒரு வேதிப்பொருளில் நனைத்து உறைய வைத்தார்கள். செல்லின் உருவம் அப்படியே இருக்கும், ஆன்டிஜெனும் மேற்பரப்பில் இருக்கும், ஆனால் துணைத்தூண்டல் தரும் திறன் போய்விடும். அவற்றோடு டி செல்களைச் சேர்த்தபோது டி செல்கள் பெருகவில்லை. இதை யாரும் ஊகித்திருக்கலாம். வியப்பு அடுத்த கட்டத்தில் வந்தது. அதே டி செல்களை எடுத்து, இம்முறை நல்ல நிலையில் உள்ள, இரண்டு சைகைகளையும் தரவல்ல செல்களோடு சேர்த்தார்கள். அப்போதும் அவை வாய் திறக்கவில்லை. ஒற்றைச் சைகை அவற்றைச் செயலிழக்கச் செய்திருந்தது. இந்த நிலைக்கு அனர்ஜி என்று பெயர். இரண்டாவது சைகை வராமல் போனால் டி செல் வெறுமனே காத்திருக்கும் என்று நினைத்தால் தவறு. 'இது நம் ஆள்' என்று ஒரு பாடத்தைக் கற்றுக்கொண்டு, அதன்பின் அசைய மறுக்கிறது.

இரண்டாவது சைகையைத் தருவது யார்?

முதன்மையாக டென்ட்ரைட்டிக் செல். தோலிலும் குடலிலும் நுரையீரலிலும் கிளை விரித்து உட்கார்ந்திருக்கும் காவலாள். அமைதிக் காலத்தில் இதன் மேற்பரப்பில் சிடி80, சிடி86 என்ற புரதங்கள் மிகக் குறைவு. பாக்டீரியாவின் சுவர்த் துண்டோ வைரஸின் மரபுப்பொருளோ தட்டுப்பட்டால் கதை மாறும். நிணநீர் முடிச்சை நோக்கி நகரும்போதே இந்தப் புரதங்களை மேற்பரப்பில் குவித்துக்கொள்ளும். அங்கே காத்திருக்கும் டி செல்லின் சிடி28 ஏற்பியில் இவை பொருந்துகின்றன.

சார்லஸ் ஜேன்வே 1989-இல் ஒரு விஷயத்தைப் போட்டு உடைத்தார். சுத்தமான புரதத்தை மட்டும் ஊசியில் செலுத்தினால் உடல் பெரும்பாலும் கண்டுகொள்வதில்லை. அலுமினிய உப்போ கொல்லப்பட்ட பாக்டீரியாவோ சேர்த்தால்தான் எதிர்வினை வருகிறது. ஆய்வகங்களில் எல்லோரும் இப்படிக் கலந்துதான் ஊசி போட்டுவந்தார்கள். ஏன் என்று யாரும் பேசவில்லை. அதை அவர் நோயெதிர்ப்பியலாளர்களின் 'அழுக்கான சிறு ரகசியம்' என்றார். நுண்ணுயிரின் அடையாளத்தை உணரும் ஏற்பிகள் இருக்க வேண்டும், அவைதான் இரண்டாவது சைகையைத் திறந்துவிட வேண்டும் என்பது அவருடைய ஊகம். 1997-இல் அவரும் ருஸ்லான் மெட்ஜிடோவும் பழ ஈயில் அறியப்பட்டிருந்த டோல் என்ற ஏற்பியின் மனித இணையை எடுத்து, அதை எப்போதும் இயங்கும் நிலையில் செல்லுக்குள் வைத்துப் பார்த்தார்கள். அழற்சிப் புரதங்களோடு சிடி80-உம் கூடியது. ஊகம் உறுதிப்பட்டது.

இந்தப் பெயர்கள் ஏன் இப்படிக் குழப்புகின்றன?

ஒரே புரதத்தைப் பல ஆய்வகங்கள் தனித்தனியே கண்டுபிடித்து, ஆளுக்கொரு பெயர் வைத்த வினை. சிடி80-க்கு பி7-1 என்றும் சிடி86-க்கு பி7-2 என்றும் இன்னொரு பெயர் உண்டு. சிடி எண்கள் வரிசை எண்கள் மட்டுமே. 28 என்பதற்கு உட்பொருள் ஒன்றும் கிடையாது. மனப்பாடம் செய்வதைத் தவிர வேறு வழியில்லை.

சிடி28 தொடப்பட்டதும் டி செல்லுக்குள் என்ன நடக்கிறது?

இன்டர்லூக்கின்-2 என்ற வளர்ச்சிச் சைட்டோகைனின் (செல்கள் ஒன்றுக்கொன்று அனுப்பும் செய்திப் புரதம்) உற்பத்தி பன்மடங்கு கூடுகிறது; அதன் ஆர்என்ஏ சீக்கிரம் சிதையாமல் நிலைக்கிறது. செல்லின் தற்கொலையைத் தடுக்கும் புரதங்கள் கூடுகின்றன. குளுக்கோஸை உறிஞ்சும் வேகம் ஏறுகிறது. ஒரு செல் சில நாட்களில் ஆயிரக்கணக்காகப் பெருக வேண்டுமே, அதற்கான தீனி வேண்டாமா?

உறுப்பு மாற்றுக்குப் பிறகு தரப்படும் சைக்ளோஸ்போரின் என்ற மருந்து முதல் சைகையின் பாதையை அடைத்து டி செல்லை முடக்குகிறது. சிடி28-ஐயும் சேர்த்துத் தூண்டினால் அந்த மருந்து இருக்கும்போதே டி செல்கள் பெருகுகின்றன என்று 1987-இல் கார்ல் ஜூன் குழு காட்டியது. இரண்டாவது சைகை முதலாவதன் எதிரொலியாக மட்டும் இல்லை, அதற்கென்று தனிப் பாதை உண்டு என்பது அதிலிருந்து தெரிந்தது.

சிடிஎல்ஏ-4 என்பதும் துணைத்தூண்டல் மூலக்கூறுதானா?

குடும்பம் அதேதான். வேலை நேரெதிர். முடுக்கியும் பிரேக்கும் ஒரே கைப்பிடிக்குப் போட்டியிடும் விந்தை இங்கேதான் இருக்கிறது.

சிடி28 பிடிக்கும் அதே சிடி80, சிடி86 புரதங்களைத்தான் சிடிஎல்ஏ-4-உம் பிடிக்கிறது, அதுவும் பத்து இருபது மடங்கு இறுக்கமாக. தொடக்கத்தில் இதையும் முடுக்கி என்று நினைத்தவர்கள் உண்டு. 1995-இல் இந்த மரபணு நீக்கப்பட்ட எலிகள் விவாதத்தை முடித்துவைத்தன. பிறந்த மூன்று நான்கு வாரங்களுக்குள் அவற்றின் டி செல்கள் கட்டுக்கடங்காமல் பெருகி, இதயத்திலும் கணையத்திலும் புகுந்து, எலிகள் இறந்தன.

இது இயங்கும் விதத்தைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம். சிடிஎல்ஏ-4 பெரும்பாலும் செல்லின் உள்ளே சிறு பைகளில் பதுங்கியிருக்கும். டி செல் கிளர்ந்த பிறகே மேற்பரப்புக்கு வரும். வந்தும் நிலைக்காது, உள்ளும் வெளியுமாகப் போய்வரும். இந்தப் போக்குவரத்து எதற்கு என்று நெடுநாள் புரியவில்லை. 2011-இல் விடை வந்தது: சிடிஎல்ஏ-4 எதிரே உள்ள செல்லின் சிடி80, சிடி86 புரதங்களைப் பிடுங்கித் தன் செல்லுக்குள் இழுத்துப்போய்ச் செரித்துவிடுகிறது. இப்படிப் பிடுங்கப்பட்ட டென்ட்ரைட்டிக் செல்லிடம் அடுத்து வரும் டி செல்லுக்குக் கொடுக்க இரண்டாவது சைகை மிச்சமிருக்காது. பிரேக் என்பதைவிடப் பறிமுதல் என்பதே பொருத்தமான சொல் என்று எனக்குத் தோன்றுகிறது.

இந்தப் பறிமுதலில் முன்னிற்பவை, மற்ற டி செல்களை அடக்கிவைக்கும் 'ஒழுங்குபடுத்தும் டி செல்கள்'. இவற்றைப் பற்றிய கண்டுபிடிப்புக்குத்தான் 2025-இன் மருத்துவ நோபல் பரிசு ஷிமோன் சகாகுச்சி, மேரி பிரங்கோ, ஃபிரெட் ராம்ஸ்டெல் ஆகியோருக்குக் கிடைத்தது. மனிதர்களிலும் சிடிஎல்ஏ-4 மரபணுவின் இரு பிரதிகளில் ஒன்று பழுதானாலே குடலும் நுரையீரலும் டி செல்களால் தாக்கப்படலாம் என்று 2014-இல் தெரியவந்தது. அதே பழுதைச் சுமந்தும் நலமாக இருப்பவர்களும் உண்டு.

பிடி-1 வேறா?

வேறு. 1992-இல் தசுகு ஹோன்ஜோவின் ஆய்வகம் செல் சாவுக்கான மரபணுவைத் தேடியபோது கிடைத்தது. 'பிடி' என்பது 'புரோகிராம்டு டெத்' (திட்டமிட்ட மரணம்) என்பதன் சுருக்கம்; பெயரில் 'மரணம்' ஒட்டிக்கொண்டது அதனால்தான். அதன் உண்மையான வேலை அடக்குவது. சிடிஎல்ஏ-4 பெரும்பாலும் நிணநீர் முடிச்சில், தொடக்கத்திலேயே தலையிடுகிறது. பிடி-1 பின்னர், போர் நடக்கும் திசுவில் தலையிடுகிறது. பிடி-1 இல்லாத எலிகள் சில வாரங்களில் சாவதில்லை. வயதாகும்போது மெல்ல மெல்லத் தன்னுடலைத் தாக்கும் நோய்க்கு ஆளாகின்றன. இந்த வேறுபாடு மருந்துகளின் பக்கவிளைவிலும் தெரிகிறது.

பிடி-1-இன் அடக்குமுறை முதன்மையாகக் குறிவைப்பது சிடி28-இன் சைகையைத்தான் என்று 2017-இல் வந்த ஆய்வு சொல்கிறது. சுற்றிச் சுற்றி எல்லாம் சிடி28-இடமே வந்து நிற்கிறது.

புற்றுநோய்க்கும் இதற்கும் என்ன தொடர்பு?

புற்றுச் செல்கள் டி செல்லின் கண்ணில் படாமல் ஒளிந்திருக்கின்றன என்று பலர் நினைக்கிறார்கள். பல கட்டிகளுக்குள் டி செல்கள் ஏற்கெனவே வந்து நிற்கின்றன. பிரேக் அழுத்தப்பட்டிருப்பதால் நிற்கின்றன. பல கட்டிகள் பிடி-1-ஐப் பிடிக்கும் பிடி-எல்1 புரதத்தைத் தாமே தாங்கிக்கொள்கின்றன.

அமெரிக்க நோயெதிர்ப்பியலாளர் ஜேம்ஸ் ஆலிசனின் எண்ணம் எளியது: கட்டியை விட்டுவிடுவோம், பிரேக்கிலிருந்து காலை எடுப்போம். 1996-இல் அவர் குழு சிடிஎல்ஏ-4-ஐ மறிக்கும் எதிர்ப்பொருளை எலிகளுக்குக் கொடுத்தது, கட்டிகள் கரைந்தன. மனிதர்களுக்கான இப்பிலிமுமாப் மருந்துக்கு அமெரிக்காவில் 2011-இல் அனுமதி கிடைத்தது. முற்றிய மெலனோமா என்ற தோல் புற்றுநோயில் 2010-இல் வெளியான சோதனையில் இடைநிலை ஆயுள் (பாதிப் பேர் உயிரோடிருந்த காலம்) 6.4 மாதத்திலிருந்து 10.1 மாதமாக உயர்ந்தது. இதென்ன பெரிய சாதனை என்று கேட்கலாம். இடைநிலையைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். வரைபடத்தின் வால் பகுதியைப் பாருங்கள்: மூன்று ஆண்டுகளைத் தாண்டியவர்கள் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர், அதற்குப் பிறகு கோடு கிட்டத்தட்ட மட்டமாகவே ஓடுகிறது.

பிடி-1-ஐ மறிக்கும் பெம்ப்ரோலிசுமாப், நிவோலுமாப் இரண்டும் 2014-இல் வந்தன. முன்னாள் அமெரிக்க அதிபர் ஜிம்மி கார்ட்டருக்கு 2015-இல் மெலனோமா மூளைவரை பரவியிருந்தது. அறுவை, கதிர்வீச்சு ஆகியவற்றோடு பெம்ப்ரோலிசுமாபும் பெற்றார். 2024 டிசம்பரில் இறக்கும்போது அவருக்கு வயது 100. ஆலிசனும் ஹோன்ஜோவும் 2018-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள்.

எல்லோருக்கும் இப்படி நடப்பதில்லை. கட்டிக்குள் டி செல்லே நுழைந்திருக்காவிட்டால் பிரேக்கை எடுத்து என்ன பயன்? நிற்கும் வண்டியில் ஓட்டுநரே இல்லை.

இந்த மருந்துகளைப் பெறுபவர் எதைக் கவனிக்க வேண்டும்?

பிரேக்கை எடுத்தால் வண்டி கட்டியின் பக்கம் மட்டும் ஓடாது. தோல், குடல், கல்லீரல், நுரையீரல், தைராய்டு, பிட்யூட்டரி என எங்கு வேண்டுமானாலும் அழற்சி வரலாம். அரிதாக இதயத்தில் வரும்போது அது உயிருக்கே ஆபத்து. வயிற்றுப்போக்கு, புதிய மூச்சுத்திணறல், விடாத தலைவலி, காரணமில்லாத கடுஞ்சோர்வு இவற்றில் எது வந்தாலும் அன்றே சிகிச்சைக் குழுவிடம் சொல்ல வேண்டும். வயிற்றுப்போக்குக்குத் தாமாகவே மாத்திரை போட்டு அடக்கிவைப்பது ஆபத்தான பழக்கம். மருந்தை நிறுத்திச் சில மாதங்கள் கழித்தும் இவை தலைகாட்டலாம் என்பதால், வேறு காரணத்துக்காக வேறு மருத்துவரிடம் போனாலும் இந்த மருந்து எடுத்ததை முதலில் சொல்லிவிடுங்கள். சிகிச்சை பெரும்பாலும் ஸ்டீராய்டு.

துணைத்தூண்டலை வேண்டுமென்றே அடக்கும் மருந்துகள் உண்டா?

உண்டு. சிடிஎல்ஏ-4-இன் வெளிப்பகுதியை ஓர் எதிர்ப்பொருளின் வாலோடு ஒட்டினால் கிடைப்பது அபாடாசெப்ட். அது சிடி80-ஐயும் சிடி86-ஐயும் போர்த்தி மூடிவிட, சிடி28-க்குப் பிடிக்க ஒன்றும் கிடைக்காது. 2005 முதல் முடக்குவாதத்துக்குப் பயன்படுகிறது. அதில் இரண்டே இரண்டு அமினோ அமிலங்களை மாற்றி, பிடியை இன்னும் இறுக்கியது பெலாடாசெப்ட். 2011 முதல் சிறுநீரக மாற்றுக்குப் பிறகு தரப்படுகிறது. சைக்ளோஸ்போரின் போன்றவை காக்க வேண்டிய சிறுநீரகத்தையே நாளடைவில் கெடுக்கும். பெலாடாசெப்டுக்கு அந்தக் குறை இல்லை. வேறொரு குறை உண்டு: எப்ஸ்டீன்-பார் வைரஸை முன்பு சந்தித்திராதவர்களுக்கு நிணநீர்ப் புற்று வரும் அபாயம் கூடுவதால் அவர்களுக்கு இதைத் தரக்கூடாது.

மேலே சொன்ன இதய அழற்சி ஸ்டீராய்டுக்கு அடங்காதபோது சில மருத்துவர்கள் அபாடாசெப்டைக் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். பிரேக்கைப் பிடுங்கியதால் வந்த கேட்டுக்கு, பிரேக்கையே மருந்தாக ஊற்றுகிறார்கள்.

நோய் எதிர்ப்பு சக்தியைக் கூட்டுவது நல்லதுதானே? சிடி28-ஐ நேரடியாகத் தூண்டினால் என்ன?

செய்து பார்த்தார்கள். 2006 மார்ச் 13, லண்டனின் நார்த்விக் பார்க் மருத்துவமனை வளாகம். டிஜிஎன்1412 என்ற எதிர்ப்பொருள் முதல் சைகையே இல்லாமல் சிடி28 வழியாக டி செல்லைக் கிளப்பக்கூடியது. ஒழுங்குபடுத்தும் டி செல்களைப் பெருக்கித் தன்னுடல் தாக்கும் நோய்களை அடக்கலாம் என்பது நோக்கம். நலமான இளைஞர்கள் எட்டுப் பேர்; ஆறு பேருக்கு மருந்து, இருவருக்கு வெறும் திரவம். குரங்குகளுக்குப் பாதுகாப்பாக இருந்த அளவில் ஐந்நூறில் ஒரு பங்குதான் கொடுத்தார்கள். ஒருவரின் விளைவைப் பார்த்துவிட்டு அடுத்தவருக்குக் கொடுக்காமல், சில நிமிட இடைவெளியில் வரிசையாக ஏற்றினார்கள். ஒன்றரை மணி நேரத்துக்குள் தலைவலி, முதுகுவலி, குமட்டல், காய்ச்சல். பிறகு இரத்த அழுத்தம் சரிந்தது. ஆறு பேரும் தீவிர சிகிச்சைப் பிரிவில். ஆறு பேரும் பிழைத்தார்கள். ஒருவர் கால்விரல்களையும் கைவிரல் நுனிகளையும் இழந்தார்.

குரங்குகளுக்கு ஏன் ஒன்றும் ஆகவில்லை? சோதனைக்குப் பயன்பட்ட குரங்கினத்தின் நினைவு டி செல்களில் ஒரு வகையில் சிடி28 இல்லை. மனிதர்களில் அதே வகைச் செல்களில் இருக்கிறது. சைட்டோகைன்கள் கட்டுக்கடங்காமல் பெருகும் 'சைட்டோகைன் புயல்' கிளம்பியது அங்கிருந்துதான். முதன்முதலாக மனிதருக்குத் தரும் மருந்தை ஒருவருக்குக் கொடுத்துப் பொறுத்திருந்து பார்ப்பது அதன்பின் ஐரோப்பிய வழிகாட்டு நெறிகளில் ஏறியது. அந்த மருந்தே பின்னர் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவிலிருந்து மீண்டும் சோதிக்கப்பட்டது என்பது உபரித் தகவல்.

'எதிர்ப்பு சக்தியைக் கூட்டும்' என்ற விளம்பர வரியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்த ஆறு பேர் நினைவுக்கு வருகிறார்கள். அந்தப் பொடிகளும் பானங்களும் சிடி28-ஐ ஒன்றும் செய்துவிடாது என்பதே நமக்கு ஆறுதல்.

கார்-டி சிகிச்சையில் இதற்கு இடம் உண்டா?

நோயாளியின் டி செல்களை எடுத்து, புற்றுச் செல்லைப் பிடிக்கும் செயற்கை ஏற்பியைப் பொருத்தித் திருப்பிச் செலுத்துவதுதான் கார்-டி. அது கைகொடுத்ததே இதனால்தான். செயற்கை ஏற்பி பொருத்திய டி செல்களை 1989-இலேயே ஸெலிக் எஷ்ஹாரின் குழு உருவாக்கிவிட்டது. முதல் தலைமுறை ஏற்பிகளில் முதல் சைகை மட்டுமே இருந்தது; அந்தச் செல்கள் உடலுக்குள் போய் விரைவில் மங்கின. ஏற்பியின் வாலில் சிடி28 அல்லது 4-1பிபி என்ற இன்னொரு துணைத்தூண்டல் மூலக்கூறின் துண்டைச் சேர்த்த பிறகே சிகிச்சை நிலைத்தது. 2017-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற இரண்டில் ஒன்று 4-1பிபி வகை, மற்றது சிடி28 வகை. சிடி28 வேகமாகப் பாயும், சீக்கிரம் களைக்கும். 4-1பிபி நிதானமாகத் தொடங்கி நெடுநாள் நிற்கும்.

பி செல்லுக்கும் இரண்டாவது சைகை வேண்டுமா?

எதிர்ப்பொருள் சுரக்கும் செல்தான் பி செல். அதற்கும் பெரும்பாலும் வேண்டும். டி செல்லின் சிடி40 இணைப்பி, பி செல்லின் சிடி40-ஐத் தொட வேண்டும். அந்த இணைப்பியின் மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருப்பதால், அது பழுதானால் பெரும்பாலும் ஆண் குழந்தைகளே பாதிக்கப்படுகிறார்கள். அவர்கள் இரத்தத்தில் தொடக்கநிலை எதிர்ப்பொருளான ஐஜிஎம் இருக்கும். அதிலிருந்து ஐஜிஜி-க்கும் ஐஜிஏ-வுக்கும் மாறுவது நடக்காது. திரும்பத் திரும்பத் தொற்று வரும்.

சிடி28 இல்லாமலேயே பிறந்த மனிதர்கள் இருக்கிறார்களா?

இருக்கிறார்கள். இவ்வளவு நேரம் சொன்னதை வைத்துப் பார்த்தால் அவர்கள் குழந்தைப் பருவத்தைத் தாண்டியிருக்கவே முடியாது என்று தோன்றும். 2021-இல் ஒரே குடும்பத்தைச் சேர்ந்த மூவரைப் பற்றிய ஆய்வு வெளியானது. ஒருவருக்குத் தோலில் கொம்புகள்போல் மருக்கள் முளைத்து, கைகால்கள் மரப்பட்டை போர்த்தியவைபோல் ஆகியிருந்தன. மற்ற இருவருக்கும் கடுமையான மருக்கள். காரணம் பாப்பிலோமா வைரஸ்கள். மூவரின் டி செல்களிலும், திருந்திய ஒரு சிறு பகுதியைத் தவிர, சிடி28 இல்லை.

மருக்களை விட்டுவிட்டால் அவர்கள் பெரும்பாலும் நலமாகவே இருந்தார்கள். மற்ற தொற்றுகளை அவர்களுடைய உடல் வேறு துணைத்தூண்டல் மூலக்கூறுகளைக் கொண்டே சமாளித்திருக்கிறது. தோலின் மேலடுக்கில் சத்தமில்லாமல் குடியிருக்கும் அந்த ஒரு வைரஸ் குடும்பத்தின் முன்னால் மட்டும் சிடி28-க்கு மாற்று கிடைக்கவில்லை.